பல்லுக்குள் சிமெண்டா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 36. திண்டுக்கல் பக்கம் கிராமம். கீழே வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை போனபோது டாக்டர் ரொம்ப நேரம் குடைந்துகொண்டே இருந்தார். திடீரென்று ரத்தம் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "வேர் பிரிகிற இடத்தில் சின்ன ஓட்டை விழுந்திருக்கும்மா, மதுரையில் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய் எம்.டி.ஏ. வைத்து அடைக்கணும்" என்று சொல்லி, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். நான்கு நாள் ஆகிறது. மதுரையில் இன்னும் 12 நாள் கழித்துத்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் என் மகன் போனில் தேடிப் பார்த்து, "எம்.டி.ஏ. என்றால் வீடு கட்டுகிற சிமெண்ட்மா" என்கிறான். என் வீட்டுக்காரர் கொத்தனார். அவரோ "பல்லுக்குள் சிமெண்டா, பேசாமல் பிடுங்கிப் போடு" என்கிறார். பிடுங்கிவிடலாமா? அந்த மருந்து உடம்புக்குக் கெடுதலா? பயோடென்டின் என்று ஒன்று இருக்கிறதாமே, அது இதைவிட நல்லதா? முதல் டாக்டர் செய்தது தப்புதானே? பெயர் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரி,

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 12 நாள்தான். அதனால் அன்றைக்கே உங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பினேன்: மதுரைக்குப் போன் செய்து, "வேர் பிரிகிற இடத்தில் ஓட்டை, நாலு நாள் ஆச்சு" என்று சொல்லி நேரத்தை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள் என்று. வழக்கமான வேர் சிகிச்சை என்று நினைத்துத்தான் அந்த கிளினிக்கில் 12 நாள் தள்ளிக் கொடுத்திருப்பார்கள். ஓட்டை என்று சொன்னால் எந்த வேர் சிகிச்சை நிபுணரும் நடுவில் எப்படியாவது ஒரு மணி நேரம் ஒதுக்குவார். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன்.

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மரத்தில் கவட்டை பிரிவது போலப் பிரிந்து, எலும்புக்குள் இறங்கி நிற்கும். கவட்டைக்கு நேர் மேலே, பல்லின் நடுவில், நரம்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும் பற்கூழ் இருக்கிற சின்ன அறை. அந்த அறையின் தரையில்தான் வேர்க் கால்வாய்களின் வாய்கள் இருக்கின்றன. தரைக்கும் கவட்டைக்கும் நடுவே இருப்பது சுமார் 3 மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான். நாள்பட்ட சொத்தை, பழைய அடைப்பு, வயது, இவற்றால் அறைக்குள் சுண்ணாம்பு படிந்து, கூரையும் தரையும் ஒட்டினாற்போல ஆகிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட பல்லில் கால்வாயின் வாயைத் தேடிக் குடையும்போது, எங்கே நிறுத்துவது என்பது கைக்குத் தெரியாமல் போய்விடுகிறது. தரை உடைந்த அடுத்த நொடி ரத்தம். நீங்கள் பார்த்தது அதுதான்.

முதல் டாக்டர் செய்தது தப்பா என்று கேட்டீர்கள். தவறு நடந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் அவர் செய்ததைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுத்தார், உங்களிடம் உள்ளதைச் சொன்னார், ஓட்டையைத் திறந்து போடாமல் மூடினார், தன்னால் முடியாது என்று தெரிந்து வேறொருவரிடம் அனுப்பினார். நான் முதுநிலை படித்த காலத்தில் ஒரு பெரியவரின் கடைவாய்ப்பல்லில் இதே இடத்தில் ஓட்டை போட்டிருக்கிறேன். போட்டது தெரியாமல், ரத்தம் வருகிற ஓட்டையைக் கால்வாய் என்று நினைத்து அதற்குள் ஃபைல் என்ற மெல்லிய ஊசிக் கருவியை விட்டேன். பெரியவர் நாற்காலியில் துடித்துப் போனார். அப்போதும் பயத்தில் உடனே வாய் திறக்காமல் பஞ்சு வைத்து மூடி, "அடுத்த வாரம் வாங்க ஐயா" என்று அனுப்பினேன். ஆசிரியரிடம் சொன்னபோது ஒரு வாரம் போயிருந்தது. கண்ணாடி அயனோமர் என்ற பல் அடைப்பு மருந்தை வைத்து அடைத்தோம். இரண்டு வருடத்தில் அந்தப் பல் ஆடிப்போய், பிடுங்க வேண்டி வந்தது. ஓட்டை போட்டதைவிட அந்த ஒரு வார மௌனம்தான் இன்றும் எனக்குப் பாரமாக இருக்கிறது. உங்கள் டாக்டர் அந்த மௌனத்தை உங்களுக்குச் செய்யவில்லை.

சரி, ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? பல்லுக்கு வெளியே, கவட்டைக்குள் இருப்பது மெல்லிய சவ்வும் எலும்பும். வாய்க் கிருமிகள் ஓட்டை வழியாக அங்கே இறங்கினால் சவ்வு புண்ணாகும், எலும்பு கரையத் தொடங்கும். எலும்பு கரைந்த இடத்தை ஈறின் தோல் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை ஈறுக்கும் ஓட்டைக்கும் வழி ஏற்பட்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த மருந்தை வைத்தாலும் கிருமி வேறு வழியில் வந்து சேரும். கவட்டை ஈறின் விளிம்புக்கு அதிகத் தூரத்தில் இல்லை என்பதுதான் இந்த இடத்தின் சிக்கல். இதே ஓட்டை வேரின் நுனிப் பக்கம் விழுந்திருந்தால் நான் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன்.

இப்போது சிமெண்டுக்கு வருகிறேன். உங்கள் மகன் சொன்னது உண்மைதான். அதைக் கேட்டுப் பயப்படத்தான் வேண்டியதில்லை.

1990களுக்கு முன்பு, வேரில் விழுந்த ஓட்டையை அடைக்க எங்களிடம் இருந்தவை எல்லாம் வேறு வேலைக்குச் செய்யப்பட்ட சரக்குகள். சொத்தைக்கு வைக்கும் வெள்ளிக் கலவையான அமால்கம், கிராம்புத் தைலத்தின் சத்தைத் துத்தநாகப் பொடியோடு குழைத்த கலவைகள், வேரை அடைக்கும் கட்டாபெர்ச்சா, தற்காலிக அடைப்புக்கான கேவிட், அப்புறம் நான் சொன்ன கண்ணாடி அயனோமர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறை. வைக்கிற இடம் காய்ந்திருந்தால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். ஓட்டையின் மறுபுறம் இருப்பதோ ரத்தமும் நிணநீரும் ஊறுகிற உயிருள்ள சதை. அங்கே எப்படிக் காய்ந்திருக்கும்? பிடித்தாலும் ஓரத்தில் கசியும். அமுக்கி வைக்கும்போது கவட்டைக்குள் பிதுங்கி, எலும்புக்குள் உலோகத் துண்டாகப் போய் உட்காரும். அதைச் சுற்றி உடம்பு ஓயாமல் புண்ணாகிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் என்ற பேராசிரியர் இந்தச் சிக்கலை வேறு பக்கமிருந்து பார்த்தார். ஈரத்தை விரட்டப் பார்ப்பதற்குப் பதிலாக, ஈரத்திலேயே இறுகும் பொருளைத் தேடினார். அப்படிப்பட்ட பொருள் உலகம் முழுக்க மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்பது உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்ட்லேண்ட் சிமெண்ட். 1824இல் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின், லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். பல்லுக்கு ஏற்றபடி அதை மாற்றிச் செய்ததுதான் எம்.டி.ஏ., அதாவது மினரல் ட்ரையாக்சைட் அக்ரிகேட். 1993இல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அது வேரின் பக்கவாட்டில் விழுந்த ஓட்டைகளை அடைப்பது பற்றியதே. 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. முதலில் வந்த பொடியில் ஏறக்குறைய 75 பங்கு சிமெண்ட், 20 பங்கு பிஸ்மத் ஆக்சைடு, 5 பங்கு ஜிப்சம்.

கான்கிரீட் தளம் போட்ட மறுநாள் உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருப்பார். காயவிட்டால் வெடித்துவிடும், தண்ணீர் குடித்தால்தான் பலம் ஏறும். நாங்கள் பல்லுக்குள் செய்வதும் அதையேதான். எம்.டி.ஏ. வைத்த பிறகு அதன்மேல் நனைத்த பஞ்சு உருண்டை ஒன்றை வைத்துத் தற்காலிகமாக மூடி அனுப்புவோம். அந்தப் பஞ்சு எங்கள் ஈரச்சாக்கு. பழைய எம்.டி.ஏ. இறுகுவதற்கு ஆய்வுக்கூடத்திலேயே 2 மணி 45 நிமிடம் ஆகிறது. அதனால்தான் வேலையை ஒரே அமர்வில் முடிக்காமல் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். காசு பிடுங்குவதற்காக இழுத்தடிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

வைக்கும்போது பார்த்தால் பெரிய வித்தையாக ஒன்றும் தெரியாது. கண்ணாடிப் பலகையில் சாம்பல் நிறப் பொடி ஒரு சிட்டிகை, மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் சுத்தமான நீர். குழைத்தால் ஈர மணல் போல வரும். கொஞ்சம் அதிகம் நனைந்தால் வழிந்து ஓடும், குறைந்தால் உதிரும். குழைத்த சில நிமிடங்களிலேயே வறண்டு போகத் தொடங்குவதால் கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். மெல்லிய குழல் கருவியில் அதை ஏற்றி, குருணை அரிசி அளவுக்கு ஒவ்வொரு துணுக்காக ஓட்டையின் மேல் இறக்கி, ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றி ஒற்றி உட்கார வைப்பார்கள். அழுத்திக் குத்தக்கூடாது. குத்தினால் கவட்டைக்குள் இறங்கிவிடும். ஓட்டை பெரிதாக இருந்தால், முதலில் கொலாஜன் போன்ற, உடம்பே கரைத்துக்கொள்ளும் பொருளை ஓட்டையின் மறுபுறத்தில் தாங்கலாக வைத்து, அதன்மேல் எம்.டி.ஏ. போடுவார்கள். தளத்துக்குக் கீழே பலகை அடிப்பது போலத்தான்.

இதற்கு முன்னால் நடக்கிற வேலையில்தான் நிபுணரின் அக்கறை தெரியும். ரப்பர் டேம் என்ற ரப்பர் திரையைப் போட்டுப் பல்லைத் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எச்சில் ஒரு சொட்டு போகக்கூடாது. ரத்தத்தை முழுதாக நிறுத்த வேண்டும். ஈரத்தைத் தாங்கும் சிமெண்ட் என்பதற்காக ரத்தத்தின் மேலேயே கொட்டிவிட முடியாது, பலம் குறைந்துபோகும். சீழ் இருந்தாலும் சிக்கல், அதன் அமிலத்தில் எம்.டி.ஏ. சரியாக இறுகாது. கால்வாய்களின் வாய்களை முதலில் கண்டுபிடித்து, மருந்து உள்ளே போய் அடைத்துவிடாதபடி காப்பு வைக்க வேண்டும். வழக்கமாகக் கால்வாயைக் கழுவ உதவும் ஹைப்போ கரைசலை ஓட்டை இருக்கும்போது கெட்டியாக விடக்கூடாது. வெளியே கசிந்தால் சதை வெந்து முகம் வீங்கிவிடும். இதையெல்லாம் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்பவரிடம் போகிறீர்கள் என்றால் நல்லது. போன் செய்யும்போது அதையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடைத்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. சிமெண்டும் நீரும் சேரும்போது கால்சியம் சிலிகேட் கூழும் கால்சியம் ஹைட்ராக்சைடும், அதாவது சுண்ணாம்பும், உண்டாகின்றன. காரத்தன்மையைக் காட்டும் அதன் பி.எச். அளவு குழைத்தவுடன் 10.2; மூன்று மணி நேரத்தில் 12.5க்கு ஏறுகிறது. அந்தக் காரத்தில் கிருமிகள் பிழைப்பது கடினம். அதிலிருந்து கசியும் கால்சியம், திசு நீரில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து, எலும்பும் பல்லும் எதனால் ஆனவையோ அதே வகைப் படிகமாக மேலே படிகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து ஒதுக்குவதில்லை. வேரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்துக்கு சிமெண்டம் என்று பெயர். பெயர்தான் ஒன்று, வீட்டுச் சிமெண்டுக்கும் அதற்கும் உறவில்லை. அந்தப் படலமே எம்.டி.ஏ.யின் மேல் வளர்ந்து மூடுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

1995இல் வெளிவந்த அந்த ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் 12 நாளுக்கு அதில் பதில் இருக்கிறது. நாய்களின் பற்களில், உங்களுக்கு விழுந்த அதே இடத்தில் ஓட்டை போட்டு, சிலவற்றை உடனே அடைத்தார்கள். சிலவற்றைத் திறந்து விட்டு, கிருமி ஏறிய பிறகு அடைத்தார்கள். பாதிக்கு அமால்கம், பாதிக்கு எம்.டி.ஏ. உடனே அடைத்தவற்றில், அமால்கம் வைத்த எல்லாப் பற்களிலும் அழற்சி. எம்.டி.ஏ. வைத்த 6 பற்களில் ஒன்றில் மட்டும் அழற்சி. மற்ற ஐந்திலும் சிமெண்டம் வளர்ந்திருந்தது. தாமதித்து அடைத்தவற்றில்? அமால்கம் வைத்த எல்லாவற்றிலும் மறுபடி அழற்சி. எம்.டி.ஏ. வைத்த 7 பற்களில் 4இல் அழற்சி. அதே மருந்துதான், அதே கைகள்தான். நாள் தள்ளிப்போனது ஒன்றுதான் வித்தியாசம். உங்கள் பல்லை உங்கள் டாக்டர் மூடித்தான் அனுப்பியிருக்கிறார், திறந்து விடவில்லை. ஆனால் தற்காலிக அடைப்பு நாளாக நாளாகத் தேய்ந்து கசியும் என்பதால் நான் அதை நம்பி உட்கார மாட்டேன்.

இனி, கெடுதலா என்ற கேள்வி. பிஸ்மத் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மகன் பயந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காக அதைச் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் மருந்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. ஈயம், பாதரசம் போன்ற விஷ உலோகம் இல்லை அது. வயிற்றுக்கோளாறுக்கு விழுங்கும் சில மருந்துகளிலேயே பிஸ்மத் உப்பு இருக்கிறது. அதன் உண்மையான குறை, பல்லின் நிறத்தைக் கருமையாக்குவது. ஹைப்போ பட்டால் இன்னும் அதிகம். சிரித்தால் தெரிகிற முன்பல் என்றால் நான் அதை வைக்கவே மாட்டேன், பிஸ்மத் இல்லாத மருந்தைத் தேடுவேன். உங்களுடையது கடைவாய்ப்பல், மேலே கேப் என்கிற பல் உறை வரப்போகிறது. அதனால் நிறம் பற்றிய கவலை இல்லை.

அதே சமயம், சிமெண்ட் மூட்டையில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானே, ஒரு பிடி கொண்டு போய்க் கொடுத்தால் என்ன என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், கண்டிப்பாகக் கூடாது. மூட்டைச் சிமெண்டில் பொடியின் பருமன் தாறுமாறாக இருக்கும். ஆர்சனிக் போன்ற அசுத்தங்கள் எவ்வளவு என்பதை வாய்க்கென்று யாரும் சோதிப்பதில்லை. பல் சிமெண்டுகளுக்கான சர்வதேசத் தரத்தில், கரையும் ஆர்சனிக் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் போகக்கூடாது. அந்தச் சோதனைக்கும் சுத்திகரிப்புக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

பயோடென்டின், பிரான்ஸின் செப்டோடான்ட் நிறுவனம் 2009 வாக்கில் கொண்டுவந்தது. இதுவும் அதே குடும்பம்தான், சிமெண்டின் முக்கியச் சரக்கான ட்ரைகால்சியம் சிலிகேட்டை ஆய்வுக்கூடத்திலேயே தூய்மையாகத் தயாரித்து எடுத்தது. பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு. திரவத்தில் கால்சியம் குளோரைடு இருப்பதால் சீக்கிரம் இறுகும். கேப்சூலில் 5 சொட்டு விட்டு 30 விநாடி இயந்திரத்தில் குலுக்கினால் தயார், 12 நிமிடத்தில் இறுகுகிறது. ஒரே அமர்வில் மேலே அடுத்த வேலையைத் தொடங்கலாம், நிறமும் மாறாது. எக்ஸ்ரேயில் எம்.டி.ஏ. அளவுக்குப் பளிச்சென்று தெரியாது என்பது ஒரு சின்னக் குறை. இவை தவிர, குழைக்கவே தேவையில்லாமல் பசையாகவே வரும் பயோசெராமிக் வகைகளும் இப்போது உண்டு. அவை உடம்பின் ஈரத்தையே எடுத்துக்கொண்டு இறுகும், கையாளவும் எளிது. எம்.டி.ஏ.யிலும் இப்போது பல வகை. பிரேசிலில் செய்வது, நம் ஜம்முவில் செய்வது என்று விலை குறைந்தவை வந்துவிட்டன. சில வகைகள் கால் மணி நேரத்தில் இறுகுகின்றன.

இதில் எது நல்லது? கவட்டையில் விழுந்த சின்ன ஓட்டைக்கு, இந்தக் குடும்பத்தில் எதை வைத்தாலும் எனக்குச் சம்மதம். உங்கள் டாக்டரின் கைக்கு எது பழகியிருக்கிறதோ அதை வைக்கட்டும். பெயரைச் சொல்லி "இதுதான் வேண்டும்" என்று நீங்கள் அடம்பிடிக்க வேண்டாம். வைத்திருந்து பார்த்தவரை, அதிகம் நாள் பின்தொடர்ந்த அனுபவம் எம்.டி.ஏ.வுக்குத்தான் இருக்கிறது. ஈறின் விளிம்புக்கு மேலே, வாயை ஒட்டி விழுந்த ஓட்டைக்கு மட்டும் இவை சரிப்படாது. எச்சிலில் அரித்துப் போகும். அங்கே பிசின் சேர்ந்த அயனோமர் வகையே மேல்.

பிடுங்கிவிடலாமா என்பதற்கு என் பதில், இப்போது வேண்டாம். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயது வாக்கில் முளைப்பது. உங்களோடு முப்பது வருடமாக இருக்கிறது, மெல்லுகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையது. அறுவை இல்லாமல் உள்ளிருந்தே ஓட்டையை அடைத்த சிகிச்சைகளை எல்லாம் சேர்த்து 2015இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. எல்லா மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தால் வெற்றி சுமார் 72 சதவீதம், எம்.டி.ஏ. வைத்தவற்றை மட்டும் பார்த்தால் சுமார் 81 சதவீதம். அடைப்பதற்கு முன்பே எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்த நிழல் இல்லாதவர்களுக்கு இன்னும் சாதகம். உங்களுக்கு நான்கு நாள்தான் ஆகியிருக்கிறது, ஓட்டை சின்னது என்கிறார்கள், எலும்பு கரைந்ததாக யாரும் சொல்லவில்லை. இந்தப் பல்லுக்காக நான் சண்டை போடுவேன்.

எப்போது பிடுங்கச் சொல்வேன் என்றால், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுகோல் கம்பியை விட்டுப் பார்க்கும்போது கவட்டைக்குள் சரேலென்று ஆழமாக இறங்கினால், வேரில் விரிசல் இருந்தால், அல்லது கேப்பைத் தாங்கவே பல்லில் சுவர் மிச்சமில்லை என்றால். அந்தக் கம்பிச் சோதனையை மதுரை டாக்டர் முதலிலேயே செய்வார். ஓட்டை எங்கே, எவ்வளவு என்பது சரியாகத் தெரியாவிட்டால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொல்லலாம். உள்ளிருந்து அடைத்தது பலிக்காமல் போனாலும், ஈறைத் திறந்து வெளியிலிருந்து அடைப்பது, பல்லை இரண்டாக்கி நல்ல வேரை மட்டும் வைத்துக்கொள்வது என்று இன்னும் வழிகள் இருக்கின்றன.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தக் கவலை இல்லாமல் இருக்காது. ஓட்டையை அடைக்க எவ்வளவு, மிச்சமுள்ள வேர் சிகிச்சைக்கு எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் டாக்டரிடம் கட்டிய பணத்தில் செய்யாத வேலைக்கு உரியதைத் திருப்பிக் கேட்பதும் நியாயம்தான். என் அனுபவத்தில், உள்ளதைச் சொல்லி அனுப்புகிற டாக்டர்கள் பெரும்பாலும் இதில் தகராறு செய்வதில்லை. வெளியே முடியாது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் வேர் சிகிச்சைக்கென்றே தனித்துறை உண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை மூன்றில் உங்களுக்குப் பக்கம் புதுக்கோட்டைதான்.

அதுவரை வலது பக்கம் மெல்ல வேண்டாம். முறுக்கு, கடலை மிட்டாய் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. வலித்தால் கிராம்புத் தைலமோ கற்பூரமோ பல்லுக்குள் வைக்காதீர்கள். கீழே திறந்திருப்பது சதை, வெந்துவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால் அன்றைக்கே உள்ளூர் டாக்டரிடம் போய் மறுபடி மூடச் சொல்லுங்கள். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ காத்திருக்காமல் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

அடைத்து முடித்து, கால்வாய்களையும் அடைத்த பிறகு, கேப்பைத் தள்ளிப் போடாதீர்கள். வலி இல்லையே என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஆறே மாதத்தில் பல் பிளந்து வருவார்கள். 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுத்து, கவட்டைக்குள் எலும்பு அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் அந்த இடத்து ஈறில் சின்னப் பரு போல எழும்பி, அமுக்கினால் சீழ் வந்தால், வலியே இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள்.

மதுரைக்குப் போகும்போது முதல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேக்கள், ஓட்டை விழுவதற்கு முந்தைய படத்தையும் சேர்த்து, கையோடு கொண்டு போங்கள். எந்தத் தேதியில் நடந்தது, எதை வைத்து மூடினார் என்று அவரிடமே இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மைக்ரோஸ்கோப்போடு திரை இணைத்திருந்தால், குழைத்து வைப்பதை அவர் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடைசியில் அந்த ஈரப் பஞ்சை வைக்கும்போது எதற்காக என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையிருக்காது.